அம்மணி, காந்தம் வெச்சுப் பாத்தியா?

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மரியாதைச் சிரிப்பு இல்லை. ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் முந்தானையுமாகத் துரத்திக்கொண்டு ஓடி, மூச்சு வாங்கி, அதற்கு மேல் ஓடவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. வளர்மதி என்கிற நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணியின் சிரிப்பு. அதை இப்போதே கொடு என்றால் கொடுக்க முடியாது. அவள் பெற்ற மகள் சம்யுக்தாவே அதற்காக நூற்று நாற்பது நாள் காத்துக் கிடந்தாள். நீங்கள் ஒரு டீ ஆறுகிற நேரம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

சம்யுக்தாவுக்குப் பதினாறு வயது. அவள் தொண்டைக்குள் பாதி கோயம்புத்தூர் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. காந்திபுரம் டவுன் பஸ் கண்டக்டர் இருந்தார், "படியில நிக்காதீங், உள்ள எடங் கெடக்குதுங்" என்று. மூக்கால் பேசும் துணைத் தலைமையாசிரியை இருந்தார். பக்கத்து வீட்டுப் பேபியக்காவின் குக்கர் இருந்தது. அது இரண்டு விசில் அடித்ததும் மூன்றாவதை இவள் இங்கிருந்து அடிப்பாள், பேபியக்கா அடுப்பை அணைத்துவிட்டு அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அரிசிக்கடைக்காரரைத் திட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலே, தொண்டையின் அடியாழத்தில், அப்பா நாச்சிமுத்து இருந்தார். லாரியிலிருந்து ஜல்லி சரிகிற மாதிரிக் குரல். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்தக் குரலில், "அம்மணி, ஒரு டீ போடு" என்பாள் சம்யுக்தா. அடுப்படியில் வளர்மதி டீ போடுவாள், ஆற்றுவாள், டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருவாள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நாச்சிமுத்து அப்போது நாமக்கல் தாண்டி எங்கேயோ லோடு ஏற்றிக்கொண்டிருப்பார். அப்புறந்தான் செருப்பு. அப்புறந்தான் துரத்தல். அப்புறந்தான் அந்தச் சிரிப்பு. வாரத்துக்கு ஒருமுறை ஏமாந்தாள் வளர்மதி, ஒவ்வொரு முறையும் புதிதாக ஏமாந்தாள், உலகத்தில் அவ்வளவு நல்ல ஏமாளி கிடைப்பது அபூர்வம்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், லாரியை நிறுத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கால் ஷூவைக் கழற்றி, மறு கால் ஷூவின் கயிற்றில் கையை வைத்தபடியே நாச்சிமுத்து இறந்துபோனார்.

அதற்குப் பிறகு சம்யுக்தா கண்டக்டரைப் பேசினாள், குக்கரைப் பேசினாள், அந்தக் குரலை மட்டும் தொடவில்லை. வளர்மதி அழுதாளா என்றால் அழுதாள், எல்லோரும் அழுகிற அளவுக்கு. வேலைக்கும் போனாள், வெட் கிரைண்டர் செய்கிற ஒரு கம்பெனியில் மோட்டார் சோதிக்கிற வேலை. சிரிப்பு மட்டும் நின்றுபோனது. சாயங்காலம் வந்தால் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு செல்போனைப் பார்ப்பாள். அதில் ஏதோ ஒரு பனி தேசத்துத் தாடிக்காரன் ஒரு வார்த்தை பேசாமல் கத்தி செய்துகொண்டிருப்பான். அறுப்பான், ராவுவான், நெருப்பில் வைப்பான், எண்ணெயில் முக்குவான். முடிந்ததும் இன்னொரு தாடிக்காரன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுக்கத் தாடிக்காரர்கள். விரலில் சோறு காய்ந்து போகும்.

தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து ஸ்கூட்டர் ஷெட்டுக்குப் போனாள். லாரியை விற்றாகிவிட்டது. ஆனால் எப்போதோ உடைந்து மாற்றிய அதன் ஸ்பிரிங் பட்டை ஒன்று ஷெட் மூலையில் சாய்ந்து நின்றது, கையகலம், முழங்கை நீளம், துருப்பிடித்து. நாச்சிமுத்துவின் முதுகுக்குக் கீழே பதினோரு வருசம் ரோட்டைத் தாங்கிய இரும்பு. அதைக் கட்டிங் வீல் வைத்து ஐந்து துண்டாக அறுத்தாள்.

முதல் துண்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாள். 'டிங்' என்று ஒரு சத்தம், குறுக்கே விரிசல் விட்டுப்போனது. தாடிக்காரன் எண்ணெய் என்றுதான் காட்டியிருந்தான், இவளுக்குத்தான் அவசரம். இரண்டாவது துண்டில் பொறுமையாக உட்கார்ந்தாள். மார்க்கரில் கத்தியை வரைந்தாள். கிரைண்டரில் தேய்த்தாள், இரும்பு நீலம் பாயாதபடி அடிக்கடி தண்ணீர் தொட்டுக்கொண்டாள், அரத்தால் ராவி வெட்டுவாய் எடுத்தாள். செங்கல்லை அடுக்கி, கரி கொட்டி, சம்யுக்தாவின் ஹேர் டிரையரைத் துருத்தியாக வைத்து ஊதினாள். இரும்பு செர்ரிப் பழமாகச் சிவந்ததும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கம்பியில் கட்டி அதன் அருகே நீட்டினாள். சரியான சூட்டில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும்; ஒட்டாது, இழுக்காது, தெரியாத ஆள் மாதிரி இருக்கும். அந்தக் கணந்தான் கணக்கு. டிரையரை நிறுத்தினாள், இடுக்கியால் எடுத்து வெதுவெதுப்பான கடலை எண்ணெய்க்குள் இறக்கினாள். அதே கணத்தில் கேட்டருகே வந்து நின்ற பேபியக்கா தன் வழக்கப்படி தொண்டை கிழியக் கத்தினார்.

"வளரூ! நல்லதண்ணி வுட்டுட்டாங்க, கொடத்தக் கொண்டா!"

எண்ணெய் 'ஸ்ஸ்' என்று அந்தச் சத்தத்தைக் குடித்தது. அவ்வளவுதான் நடந்தது.

கத்தியை அடுப்படி ஓவனில் வைத்து இரண்டிரண்டு மணி நேரமாக இருமுறை வாட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் வெளியே எடுத்து, வாகை மரத்தில் பிடி போட்டு, வியாழக்கிழமை காலையில் ஒரு கத்தரிக்காயில் வைத்தாள் வளர்மதி. கத்தி, கத்தரிக்காயைப் பிளந்துகொண்டே, பேபியக்காவின் குரலில் தெருவே அதிரக் கத்தியது. "வளரூ! நல்லதண்ணி வுட்டுட்டாங்க, கொடத்தக் கொண்டா!" அடுத்த துண்டுக்கும் அதையே கத்தியது. அடுத்ததற்கும். நஞ்சப்பா லேஅவுட் மூன்றாவது குறுக்குத் தெருவின் இருபத்திரண்டு வீட்டுக் குடங்களும் குழாயடியில் வந்து வரிசையில் உட்கார்ந்தன. தண்ணீர் வரவில்லை.

கத்தி பேசியதைப் பற்றித் தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னதைப் பற்றித்தான் சண்டை.

"எங்கொரல்ல வந்து எதுக்குடி பொய் பேசுது உன்ற கத்தி?" என்றார் பேபியக்கா. "நாளைக்கு நெசமாலுமே தண்ணி வந்து நாங் கூப்புட்டா எவ வருவா?"

"கத்திக்கு என்னங்க்கா தெரியும். கேட்டதச் சொல்லுது."

"அப்ப நல்லதாக் கேக்கச் சொல்லு."

பஞ்சாயத்து இரண்டு நாள் நடந்து, கடைசியில் வால்வு திறக்கிற மாணிக்கத்திடம் அந்தக் கத்தியைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. அன்று முதல் மாணிக்கம் வால்வைத் திறந்த கையோடு திட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு வெண்டைக்காயை நறுக்குவான், தெரு கூடிவிடும். மாநகராட்சித் தண்ணீருக்கு ஒரு ஒழுங்கு வந்தது என்று பேபியக்காவே பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார், ஏதோ தானே போய் ஒவ்வொரு வால்வாகத் திறந்துவிட்ட மாதிரி.

இது ஏன் இப்படி என்பதற்கு லேத் பட்டறை ரங்கநாதன் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "இரும்பு செவந்து காந்தத்த வுட்டுப்போட்டா, அந்த ஒரு நிமிசம் அதுக்குன்னு யாருமில்லீங். அந்நேரத்துல ஆரு கூப்புட்டாலும் அவிய பின்னால போயிருமுங்." வேறு விளக்கங்களும் இருந்தன. தெருவுக்கு விளக்கத்தில் அக்கறையில்லை. தெருவிடம் பழைய இரும்பு நிறைய இருந்தது.

கொண்டுவந்தார்கள். தேய்ந்த அரம், ஒடிந்த ஸ்பிரிங், காயலான்கடைப் பட்டை. சாரதாமணி டீச்சரின் மகன் கனடாவுக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை ஷெட்டில் நின்று, வளர்மதி இடுக்கியை இறக்குகிற கணத்தில், "அம்மா, சாப்புட்டியா?" என்றான். அதிலிருந்து டீச்சர் நறுக்க வேண்டாத கீரையையும் நறுக்கினார், மெதுவாக நறுக்கினார். ஏனென்றால் கத்தி எவ்வளவு மெதுவாகப் போகிறதோ குரலும் அவ்வளவு மெதுவாக வரும், ஒரு சுரைக்காயைக் கால் மணி நேரம் அறுத்தால் பிள்ளை கால் மணி நேரம் விசாரிப்பான். கல்யாணச் சீரில் அம்மாவின் குரல் போட்ட கத்தி ஒன்று வைப்பது பழக்கமாயிற்று. போன இடத்தில் பெண் வெங்காயம் அரிந்தால், "கை பத்திரம் சாமி" என்று கேட்கும், அழுவதற்கு வெங்காயம் வேண்டியதில்லை. ஒரு கத்தி தும்மலை விழுங்கிவிட்டது, அந்த வீட்டில் சமையல் முடிவதற்குள் நூறு முறை "நூறாயுசு" சொன்னார்கள். புருசன் பெண்டாட்டிச் சண்டை ஒன்று புகுந்த கத்தியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அது ரேசன் கடைக்குப் பின்னால் கல்லுக்கடியில் இருக்கிறது.

இதனால் ஒரு வழக்கம் உண்டானது. ஷெட்டில் ஹேர் டிரையர் ஓடுகிறவரை தெரு தன்பாட்டில் இருக்கும். டிரையர் நின்றதும் தெருவே வாயை மூடிக்கொள்ளும். தள்ளுவண்டிக்காரர் ஸ்பீக்கரின் கழுத்தைத் திருகுவார். கைக்குழந்தையின் வாய்க்கு மார்பு போய்விடும். நாய்கள்கூட ஏதோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். 'ஸ்ஸ்' கேட்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். அந்த மூச்சளவு அமைதியில், அவரவருக்கு வேண்டிய யாரோ ஒருவர் பேசாமல் இருப்பது அவரவருக்குக் கேட்கும்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா. வருகிறது, வருகிறது. அதற்கு முன்னால் வளர்மதிக்கு என்ன வேண்டியிருந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மூன்றாவது துண்டை நெருப்பில் வைத்தபோது அவள் மடியில் செல்போன் இருந்தது. அதில் பதினோரு வினாடிக்கு நாச்சிமுத்து இருந்தார். "அம்மணி, செக்போஸ்ட்டுல நிக்கறேன், வர லேட்டாகும், நீ சாப்புட்டுப் படு." இரும்பு காந்தத்தை விட்டது, டிரையர் நின்றது, தெரு மூச்சடைத்தது, போன் பேசியது, எண்ணெய் குடித்தது. நான்காம் நாள் வெள்ளரிக்காயில் வைத்தாள். 'ர்ர்ர்' என்று இரைந்தது கத்தி, ஆள் ஏறாத வண்டி மாதிரி. நான்காவது துண்டுக்குச் சாரதாமணி டீச்சர் வீட்டுப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வாங்கிவந்து வைத்தாள். 'ர்ர்ர்ர்ர்' என்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இரும்புக்குத் தொண்டை வேணுமுங்," என்றார் ரங்கநாதன், தரையைப் பார்த்துக்கொண்டு. "போன் சரிப்படாதுங்."

வளர்மதி தலையாட்டினாள். கிரைண்டரைத் துடைத்துச் சாக்குப் போட்டு மூடினாள். ஐந்தாவது துண்டை மூலையில் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தாள். தட்டில் சோறு, கையில் போன், போனில் தாடிக்காரன். இந்தமுறை விரலில் மட்டுமல்ல, தட்டிலேயே சோறு காய்ந்தது. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் சம்யுக்தா குக்கர் மாதிரி, கண்டக்டர் மாதிரி, துணைத் தலைமையாசிரியை கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிற மாதிரி எல்லாம் பேசிக்காட்டினாள். வளர்மதி, "நல்லாருக்குது கண்ணு" என்றாள், சுவரைப் பார்த்து.

கண்ணு என்பது அப்பா சம்யுக்தாவைக் கூப்பிடுகிற பேர். அம்மா அதை எடுத்துப் பேசியது, அப்பாவின் சட்டையை அம்மா போட்டுக்கொண்ட மாதிரி தொளதொளவென்று இருந்தது.

அன்றைக்குத்தான் சம்யுக்தா முடிவு செய்தாள். அம்மாவை ஏமாற்ற வேண்டும். பழைய மாதிரி, டீ டம்ளரோடு கூடத்துக்கு வந்து நின்று விழிக்கிற மாதிரி ஏமாற்ற வேண்டும். செருப்பு வரும், துரத்தல் வரும், சிரிப்பு வரும், சிரித்தால் பசிக்கும். குறும்பு செய்கிறவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. ஏமாறுகிறவர் பிடித்து இழுத்தால் எல்லாம் அவிழ்கிற மாதிரி ஒரு நூலை வெளியே தொங்கவிட வேண்டும். நூலாக அவள் காந்தத்தைத் தேர்ந்தெடுத்தாள். அப்பாவுக்குக் கத்தி செய்வதும் தெரியாது, காந்தம் பிடிப்பதும் தெரியாது. அவர் போய் மூன்று மாதம் கழித்துத்தான் அம்மாவுக்கே அது தெரியும். அந்தக் குரல் காந்தத்தைப் பற்றிக் கேட்டால் மறு நிமிடம் பிடிபட்டுவிடலாம். பிடிபடுவதற்காகவே செய்கிற வேலை.

"அம்மா, ஸ்கூல் கேன்டீன் அக்கா ஒரு கத்தி கேட்டாங்க. பாவம்மா, தக்காளிய நசுக்கறாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி ஐந்தாவது துண்டை எடுக்க வைத்தாள். ஷெட்டின் பின்சுவரில் ஒரு ஜன்னல் ஓட்டை. அதன் கீழே ஏறி நிற்க ஒரு திட்டு. அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து பேபியக்கா வீட்டுக் காம்பவுண்டு சுவர், மொத்தம் பதினோரு எட்டு. அளந்து வைத்தாள். சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திட்டில் ஏறினாள்.

டிரையர் நின்றது. தெரு வாயை மூடியது. இடுக்கி இறங்கியது. சம்யுக்தா ஓட்டையில் வாயை வைத்து, தொண்டையின் அடியாழத்துக்குப் போய், ஒன்பது மாதமாகத் தொடாமல் வைத்திருந்ததை எடுத்தாள்.

"அம்மணி, காந்தம் வெச்சுப் பாத்தியா?"

ஓடத் தயாராக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வளர்மதி திரும்பவில்லை. ஓட்டைப் பக்கம் பார்க்கவேயில்லை. எண்ணெய்க்குள் பார்த்துக்கொண்டு நின்றாள், குமிழெல்லாம் அடங்கி, புகையெல்லாம் போய், தன் முகம் தெரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். சம்யுக்தா தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

நான்கு நாள் போனது. ஓவன் இரண்டு முறை ஓடியது. வாகைப் பிடி ஏறியது. வியாழக்கிழமை காலை வளர்மதி சின்ன வெங்காயம் ஒன்றைப் பலகையில் வைத்து, கத்தியை அதன்மேல் வைத்தாள். ஜல்லி சரிந்தது.

"அம்மணி, காந்தம் வெச்சுப் பாத்தியா?"

இப்போது, என்று சம்யுக்தா நினைத்தாள். இப்போது திரும்புவாள்.

வளர்மதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெளிவாக, பணிவாக, கொஞ்சம் சலிப்போடுகூட, பதினெட்டு வருசமாகப் பதில் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"வெச்சுப் பாத்துட்டனுங்."

அப்புறம் அடுத்த வெங்காயம். "அம்மணி, காந்தம் வெச்சுப் பாத்தியா?" "அதான் பாத்துட்டன்னு சொல்றனல்லங்." அன்றைக்கு அந்த வீட்டில் நாற்பது வெங்காயம் அரிந்து குழம்பு வைத்தார்கள். வளர்மதி இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டாளே, இனி எப்படிச் சொல்வது?

விசயம் தெருவுக்குத் தெரியாமல் இல்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பேபியக்கா, ஓட்டையில் வாயை வைத்து நின்ற சம்யுக்தாவைப் பார்த்திருந்தார். மாணிக்கம் வெண்டைக்காய் நறுக்கிய மறுநாள் குழாயடியில் கூட்டம் போட்டார்கள்.

"சொல்லிப்போடலாமுங். பாவம்," என்றார் ரங்கநாதன்.

"ஏ, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? அவ நேத்து என்கிட்ட ஊறுகா கேட்டு வாங்கீட்டுப் போயிருக்கறா. எத்தன மாசமாச்சு அவ ஒண்ணு வேணும்னு கேட்டு!" என்றார் பேபியக்கா. பிறகு சம்யுக்தாவின் பக்கம் திரும்பினார். "நீ பண்ணுன வேலைக்கு உன்னய அந்தக் கத்தியிலயே... போ. வாயத் தொறக்காத. எந்த வாயையும் தொறக்காத."

தெரு கூடி ஒரு முடிவுக்கு வந்தது. வளர்மதி காதில் படும்படி யாரும் காந்தம் என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சொல்லைக் காத்தால் போதுமா என்று யாரோ கேட்க, பொருளையும் ஒளித்தார்கள். இருபத்திரண்டு வீட்டு பிரிட்ஜ் கதவிலிருந்தும் பழமும் பட்டாம்பூச்சியும் இறங்கின. டீச்சர் லாடக் காந்தத்தைப் பீரோவில் பூட்டினார். ரங்கநாதன் பட்டறையில் அதுவரை காந்தம் பொறுக்கிவந்த இரும்புத் தூளைப் பொறுக்குவதற்கு ஒரு ஆளைப் போட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் கத்தி பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்டு, "அப்படியே நாச்சிமுத்தண்ணந்தான்" என்பார்கள். அது பொய்யில்லை என்பதுதான் கஷ்டம். சொல்லிவிட்டுப் போகிற வழியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், லோடு இறக்கிவிட்டு வருகிறபோது தெருப் பிள்ளைகளை லாரிக் கேபினில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுகிற மனிதர் அவர்.

சம்யுக்தாவுக்கு வேறொன்று நடந்திருந்தது. ஒருநாள் அம்மா வேலைக்குப் போன பிறகு, குளியலறையில் நின்று அந்தக் குரலைப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. கண்டக்டர் வந்தார், குக்கர் வந்தது, பேபியக்கா வந்தார். அப்பா இருந்த இடத்தில், பல் விழுந்த குழியை நாக்கு தேடுகிற மாதிரி, ஒரு வழவழப்பு. அவ்வளவையும் இரும்பு வாங்கிக்கொண்டுவிட்டது. அப்பா இப்போது அடுப்படி டிராயரில் மட்டும் இருந்தார்.

அதனால் அவளும் திருட்டுத்தனமாக வெள்ளரிக்காய் அரிய ஆரம்பித்தாள். "அம்மணி, காந்தம் வெச்சுப் பாத்தியா?" தான் பேசியதுதான் என்று தெரியும். ஆனாலும் மூன்றாவது துண்டுக்குள் தெரியாமல் போய்விடும். கத்தியை மெதுவாக, மிக மெதுவாக இழுத்து, 'அம்மணி' என்ற சொல்லுக்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அம்மணி என்றால் அம்மா. அந்தக் குரலில் தன்னைக் கூப்பிட்டுக்கொள்ள அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாய்த்தது, ஒரு மூச்சு நீளம். 'கண்ணு' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். அதைக் கொண்டுபோய்க் காந்தத்துக்குச் செலவழித்துவிட்டாள். அறுத்த வெள்ளரிக்காயை உப்புப் போடாமல் தின்றாள். அம்மா பிடிக்க வேண்டும், திட்ட வேண்டும், செருப்பை எடுக்க வேண்டும், அப்படி நடந்தால்தான் அது குறும்பு. இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒன்று. அதன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் அம்மா வாய்நிறையப் பதில் சொல்லும்போதும், நூல் தொங்குதும்மா, இழும்மா என்று மனசுக்குள் கத்துவாள். இழுத்துவிடாதேம்மா என்றும் கத்துவாள்.

வைகாசி, ஆனி, ஆடி போய் ஆவணி வந்தது. கடைசி வீட்டுக்கு நூர்நிஷா என்ற பெண் குடிவந்தாள், மருந்துக்கடையில் வேலை. தாடிக்காரர்களை அவளும் பார்த்திருந்தாள். வீட்டில் வைத்துப் பொழுதுபோக்காகக் கத்தி செய்யப் பழக வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டாள். தெரு அவளுக்கு எதையும் சொல்லி வைக்கவில்லை. குடிவந்து மூன்று நாள்தான் ஆகிறது, ஆளுக்கு ஆள் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டார்கள்.

ஷெட்டின் பின்புற நிழலில் வளர்மதி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்தவளுக்காக வெள்ளரிக்காய் அரிந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். பேபியக்காவும் ரங்கநாதனும் வந்திருந்தார்கள். சம்யுக்தா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றாள்.

"எடுத்ததும் பெரிய கத்திக்குப் போகாத. கையளவு போதும். பழைய பட்டை, பழைய அரம், இதுல எது கெடச்சாலும் செரி. கண்ணாடி போடாம கிரைண்டரத் தொடாத. தண்ணியில முக்காத, விரிஞ்சுபோயிரும். நான் பட்டவ சொல்றன்."

நூர்நிஷா எழுதினாள். கத்தி வெள்ளரிக்காயில் இறங்கியது.

"அம்மணி, காந்தம் வெச்சுப் பாத்தியா?"

"பாத்துட்டனுங்," என்றாள் வளர்மதி கத்தியிடம். பிறகு நூர்நிஷாவிடம், "அப்புறம் கரி..."

"இந்தக் காந்தம் வெக்கறது, அண்ணன்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாராக்கா?" என்றாள் நூர்நிஷா, எழுதிக்கொண்டே.

பேபியக்கா இருமினார். ரங்கநாதன் வானத்தைப் பார்த்து, "மழை வராப்புல இருக்குதுங்" என்றார். வானத்தில் மேகமே இல்லை.

"அவரா?" என்றாள் வளர்மதி. "அவருக்கு ஜல்லியும் மணலும் தெரியும். ஒரு பென்சில் சீவத் தெரியாது அந்த மனுசனுக்கு. எல்லாம் நானா வீடியோல பாத்ததுதான். காந்தம் புடிக்கற கதையெல்லாம் எனக்கே ஐப்பசிலதான் தெரியும், ஒரு தாடிக்காரன் காட்டுனான். இவுரு போனது ஆடீல..."

கத்தி வெள்ளரிக்காயின் பாதியில் நின்றது. "அம்மணி, காந்..." என்ற இடத்தில் குரலும் நின்றது.

டிரையர் ஓடவில்லை, ஆனாலும் தெரு வாயை மூடிக்கொண்டது. தள்ளுவண்டிக்காரர் ஸ்பீக்கரைத் திருகினார். நாய்கள் உட்கார்ந்தன. வளர்மதி கத்தியை மெல்ல, ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக அழுத்தினாள். "...தம்... வெச்சுப்... பாத்தியா?" துண்டு பலகையில் சாய்ந்தது. நூற்று நாற்பது நாளில் முதல் முறையாக அவள் பதில் சொல்லவில்லை.

திரும்பி ஷெட்டின் பின்சுவரைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டைக்குக் கீழே, திட்டின்மேல், சித்திரை மாதக் கரித்தூளில் பதிந்து, கூரைச் சரிவுக்கடியில் மழை படாமல் அப்படியே இருந்த இரண்டு சின்னப் பாதங்களைப் பார்த்தாள். அப்புறம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தாள்.

"சம்யூ."

சம்யுக்தா வாயைத் திறந்தாள். கண்டக்டர் வருவார், துணைத் தலைமையாசிரியை வருவார் என்று பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

"உங்கப்பனுக்குக் காந்தத்தப் பத்தி என்னடி தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாதும்மா," என்றாள், அவள் சொந்தக் குரலில். அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

வளர்மதியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து பேபியக்கா எழுந்தார், அழவும்தான் செய்தாள், கண்ணிலிருந்து கொட்டியது. ஆனால் வயிற்றிலிருந்து வந்தது வேறு. பலகை உருண்டது, வெள்ளரித் துண்டுகள் உருண்டன, முந்தானை ஒரு கைக்குப் போனது, மற்றொரு கை குனிந்து இடது கால் செருப்பைத் தேடியது. தொட்டியிலிருந்து காம்பவுண்டு சுவருக்கு ஆறே எட்டு, சம்யுக்தாவுக்கு ஓட வழி திறந்துதான் கிடந்தது. செருப்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து, பாதி வழியில் மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சிரிப்புக்கு நடுவில் தொண்டையைச் செருமிக் கட்டையாக்கி, வாழ்க்கையில் ஒரு குரலைக்கூட ஒழுங்காகப் பேசிக்காட்டத் தெரியாத வளர்மதி, ஜல்லியாகவும் இல்லாமல் மணலாகவும் இல்லாமல், பத்துக்கு ஒரு மார்க்குக்கூட தேறாத ஒரு நாச்சிமுத்துவைப் போட்டுக் கத்தினாள்.

"கண்ணு! அங்கயே நில்லு!"

சம்யுக்தா நின்றாள்.